இருபத்தாறாம் நாள் காலியாக இருக்கிறது

பாப்பா, சின்னவனே, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். பாப்பா வாசிக்கட்டும். சின்னவனுக்குப் புரியாத இடத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடு. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

பொங்கலுக்குப் பரண் ஒழித்தபோது பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துக்கு ஒரு நிலா. கீழே தேதி, மணி, வானம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. பாப்பா புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றாய். மேலே 26 என்று போட்டிருக்கிறது, கீழே படமும் இல்லை, எழுத்தும் இல்லை, பசை காய்ந்த தடம் மட்டும் சதுரமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டாய். "அன்னைக்கு மேகம் பாப்பா" என்று நான் சொன்னேன். நீயும் சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய்.

அன்றைக்கு மேகம் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த நோட்டை எழுதியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

நம் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் எல்லோரும் அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி பரிசோதிக்கிற வேலை. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். சொந்த ஊர் கம்பைநல்லூர். அங்கே வயதான அம்மா மட்டும். இங்கே நம் பின் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

அவரிடம் யார் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி திரும்பி வரும். அரூர் பஸ் போய்விட்டது என்று சொன்னால், "பாத்தீங்களா, சொன்னாங்களா?" என்பார். கறிவேப்பிலை விலை ஏறிவிட்டது என்றாலும் அதே கேள்விதான். ஊரில் பாதிப் பேர் அவர் போன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து "பாத்தீங்களா, சொன்னாங்களா?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதன்முதலாக என் வெல்டிங் பட்டறைக்கு அவர் வந்தது ஒரு சாயங்காலம். போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் வடிகட்டுகிற குழாய் என்று நினைத்தேன். பிரித்தால் தொலைநோக்கி. கூட வந்த அலுமினிய ஸ்டாண்டு ஆடுகிறது, ஆடாத ஸ்டாண்டு ஒன்று வேண்டும் என்றார். அதற்கென்ன என்று மூன்று கால் வைத்து ஒன்று செய்து கொடுத்தேன். மறுநாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆடுகிறது என்றார். நான் அதன்மேல் ஏறி நின்று காட்டினேன். என் எடைக்கே ஆடாதது, அந்தக் குழாய்க்கா ஆடும்?

"நீங்க ஏறி நிக்கறத நான் பாத்துட்டேன். நான் பாக்கறத நீங்க வந்து பாருங்க தம்பி."

பட்டறை வாசலிலேயே வைத்துக் காட்டினார். மணி நாலரை இருக்கும், நல்ல வெயில். கிழக்கே பாதி நிலா வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. பகலில் நிலா தெரியும் என்பதையே நான் அன்றுதான் கவனித்தேன். கண்ணை வைத்தேன். வெல்டிங் பொறி தெறித்துப் பொத்தலான தகரம் போல இருந்தது. அவர் குழாயை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். டம்ளர் தண்ணீரைத் தட்டியது போல நிலா முழுக்க நடுங்கியது. நான் ஸ்டாண்டை உள்ளே எடுத்துப் போனேன்.

நாலாவது தடவைதான் அது சரியாக வந்தது. கனமான இரும்புக் குழாய், உள்ளே ஆற்று மணலை நிரப்பி வாயை அடைத்தேன். மேலே திரும்புவதற்குப் பழைய மொபெட் சக்கரத்தின் நடுவில் சுழல்கிற ஹப். செல்போனைக் கண் வைக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கிளிப். அக்கா விரலால் தொட்டார், பார்த்தார், மறுபடி தொட்டார். "ஆடல" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அந்தக் கம்பத்தில்தான் இப்போது நம் மாடியில் துணிக்கொடி கட்டியிருக்கிறது.

ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறாரே, உடம்பு என்னாகும் என்று உங்கள் அம்மா கவலைப்பட்டாள். அவர் ஒரு நாளும் கண் விழித்ததில்லை. வளர்பிறையைச் சாயங்காலம் வேலை முடிந்து வந்து எடுப்பார். தேய்பிறையை விடியற்காலை எழுந்து எடுப்பார். எடுத்துவிட்டுக் குளித்து எட்டு மணி பஸ் பிடிக்கிறவர் போல நேரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கண் வைக்கும்போது மற்றக் கண்ணை மூட மாட்டார், இரண்டும் திறந்தே இருக்கும். மூடினால் கண் களைத்துவிடும் என்பது லேப் பழக்கம்.

அந்த லேபில் நானும் ஒருமுறை மாட்டினேன். மூன்று வாரம் இருமல் நிற்கவில்லை, சளி பரிசோதனைக்கு எழுதிவிட்டார்கள். பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பட்டறையில் ஒரு கேட் பாதியில் கிடக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்து, எனக்கு ஒன்றும் இல்லை அக்கா, இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்றீங்க. நான் இன்னும் பாதிதான் பாத்திருக்கறேன். போயி உக்காருங்க."

இன்னும் அரை மணி நேரம் ஆனது. எனக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அவருடைய இந்தக் குணத்தால் தெருவில் ஒரு நாள் சண்டையே வந்தது. சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருக்கிறவர்கள் நிலா உதித்ததைப் பார்த்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அன்றைக்கு எட்டரை மணிக்கு மேல் உதிக்க வேண்டிய நிலா, ஒரே மேகம். காலையிலிருந்து பட்டினி கிடந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அக்காவின் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். உங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி. குழாய் வைத்திருக்கிறவர் பார்த்ததாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தெரியவில்லை என்றார். கால் மணி நேரம் கழித்தும் அதேதான். கோடி வீட்டு மளிகைக்கடைக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தன பெரிய கொழா எதுக்கும்மா வெச்சிருக்கற, முருங்கக்கா பறிக்கறதுக்கா? உதிச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாயி முத்து உதுந்துருமா?"

"உதிச்சிருக்குங்க்கா. மலைக்கு மேல வந்துருக்கும். ஆனா நான் பாக்கல. நீங்க சாப்புடுங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது. பாத்தேன்னு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாதீங்க."

பார்க்காமல் எப்படிச் சாப்பிடுவது? பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். அக்கா அவர்களை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுக்கவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். விரதம் இல்லாத அவரும் சாப்பிடாமல் மாடியிலேயே நின்றார். ஒன்பதே முக்காலுக்கு மேகம் ஒரு கையகலம் விலகியது. "வாங்க, வாங்க, எல்லாரும் வந்து நீங்களே பாருங்க" என்று கத்தினார். மளிகைக்கடை அம்மாவைத்தான் முதலில் கண் வைக்கச் சொன்னார். அந்த அம்மா பார்த்துவிட்டு, "தலகீழா இருக்குதே" என்றார். "நெலாவுக்கு ஏதுங்க்கா தல" என்று அக்கா சொன்னதும் கோபமெல்லாம் போய் எல்லோரும் சிரித்தார்கள்.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன்.

ஒரு அமாவாசை கழிந்து முதல் கீற்று தெரிகிற நாளிலிருந்து அடுத்த அமாவாசைக்கு முந்திய கடைசிக் கீற்று வரைக்கும், ஒரு நாளும் விடாமல் நிலாவை எடுக்க வேண்டும். இதுதான் அவருடைய ஆசை. அமாவாசையை ஒட்டிய நாட்களை விட்டுவிட்டால் இருபத்தெட்டுப் படம். கேட்பதற்குச் சுலபம். ஒரு நாள் மேகம் வந்தால் அந்தச் சுற்று அவ்வளவுதான், நோட்டை மூடிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். மழைக்காலத்தில் நடக்கவே நடக்காது. மார்கழி கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும்தான் வாய்ப்பு. நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு வருஷம் முயற்சி பண்ணியிருந்தார். ஒருமுறை பதினெட்டாம் நாளில் போயிற்று, ஒருமுறை இருபத்தி இரண்டில்.

போன மாதம் எடுத்த பதினெட்டாம் நாள் படத்தை எடுத்து ஒட்டிவிட்டால் என்ன, நிலா ஒன்றுதானே என்று நான் கேட்டேன். அது போன மாதத்து நிலா என்று மட்டும் சொன்னார். பிடிவாதம் பிடித்த மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். நிலா நமக்கு எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்தப் பச்சை நோட்டுச் சுற்று மார்கழியில் ஆரம்பித்தது. பாப்பா அப்போது ஒன்றாம் வகுப்பு, சின்னவன் தொட்டிலில். வானம் கண்ணாடி போல இருந்தது. பதினெட்டு தாண்டியது. இருபத்தி இரண்டு தாண்டியது. அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நானும் தினமும் காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் அவர் முகத்தைப் பார்ப்பேன், தலையை ஆட்டினால் அன்றைய படம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கம்பைநல்லூரில் அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். தருமபுரியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத அந்த ஒரு விடியல் இருபத்தாறாம் நாள்.

மாடிச் சாவியை என் கையில் கொடுத்தார். குழாயைப் பிடிப்பது, போனை மாட்டுவது எல்லாம் எனக்குப் பழக்கம்தான். ஐந்தரைக்கு நிலா மலைக்கு மேலே இருக்கும், ஆறேகால் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்று ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கேட் மாட்டிவிட்டு வந்து படுத்தேன். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். எழுந்தபோது மணி ஏழரை, மலை முகட்டில் வெயில். அக்கா வீட்டு மாடிக்கு ஓடினேன். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. அந்த வெளிச்சத்தில் அந்த மெல்லிய கீற்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்கு அகப்படவில்லை.

என் போனில் பழைய படம் ஒன்று இருந்தது. ஐப்பசியில் மழை விட்ட ஒரு விடியலில் அக்கா குளிக்கப் போன நேரத்தில் அவருக்குக் காட்டாமல் பழகிப் பார்க்க நானே எடுத்தது. அதே கீற்று, அதே அளவு, அதே கிளிப். அதை அனுப்பினேன். "நல்லா வந்திருக்குதுங்க தம்பி" என்று பதில் வந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு வெல்டிங் ஒட்டவில்லை.

கிழக்கே சித்தேரி மலை நிற்பதால் கடைசிக் கீற்று நம் ஊரில் தெரியாது. மொரப்பூர்ப் பக்கம் வெட்ட வெளிக்குப் போக வேண்டும். இருபத்தெட்டாம் நாள் காலை நாலு மணிக்கே என் லோடு ஆட்டோவில் ஸ்டாண்டை ஏற்றிக்கொண்டு போனோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் அறுத்து முடித்த வயல். தலைமுடி மாதிரி ஒரு கீற்று தரையை ஒட்டி எழும்பியது. படம் எடுத்து முடித்து அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் எனக்கு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்து, "முடிஞ்சுதுங்க தம்பி. மூணு வருசம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படங்களைக் காகிதத்தில் போட்டு வாங்கி நோட்டில் ஒட்டிவிட்டு, நோட்டோடு பட்டறைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 25, 26, 27 என்று மூன்று பக்கங்களை மாற்றி மாற்றித் திருப்பிக் காட்டினார். நிலாவின் ஓரத்தில் கருப்பாக ஒரு நீள்வட்டப் புள்ளி உண்டு. புளியங்கொட்டை என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

"இருபத்தஞ்சுல கொட்ட ஓரத்தோட ஒட்டி இருக்குது. இருபத்தேழுலயும் ஒட்டி இருக்குது. நடுவுல இந்த ஒரு நாள் மட்டும் எப்பிடிங்க உள்ள தள்ளிப் போச்சு? ஒரே நாள்ல அது அவ்வளவு தூரம் ஓடாதுங்க தம்பி."

நிலா ஒரே பக்கத்தைத்தான் காட்டும், ஆனால் முகத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே காட்டும் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். மாதத்துக்கு மாதம் அந்தத் திருப்பம் மாறும். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அது இல்லை, அல்லது நான் படிக்கவில்லை.

பழைய படம் என்று ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அன்னைக்கு ஒரே மேகம்க்கா. ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதான்."

"மேகமா? பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

அவர் அந்தப் படத்தை நகத்தால் நெம்பிப் பிய்த்து எடுத்தார். காகிதம் கிழியாமல் மெதுவாக எடுத்தார். பேனாவைத் திறந்து கீழே காலியாக இருந்த வரிமேல் வைத்தார். எழுதவில்லை. நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு நான் இங்க இல்ல, நான் எழுதறதுக்கில்ல. பாத்தவங்க எழுதுங்க."

கையெல்லாம் கிரீஸ் அக்கா, பிறகு எழுதுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார். தருமபுரி ஆஸ்பத்திரியில் அந்த விடியலில் அவர் கண் விழித்திருப்பார். அவர் தங்கிய அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்து இருந்ததா என்று இன்று வரைக்கும் நான் கேட்கவில்லை.

திட்டுவார், பேச்சை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த வாரமே புது நோட்டு வாங்கி ஒன்று என்று போட்டுவிட்டார். அடுத்த சுற்றில் பத்தொன்பதாம் நாள், அம்மாவைக் கண்ணைக் காட்டத் திரும்பவும் தருமபுரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. என் பட்டறைக்கு வந்து சாவியை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. "நாளைக்கு நீங்க எடுத்துருங்க தம்பி" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் தூங்கவே இல்லை என்று சொன்னால் பொய், நாலு மணிக்கு எழுந்தேன். மாடியில் போய் உட்கார்ந்தேன். மூடுபனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. பனி விலகும் என்று எட்டு மணி வரைக்கும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விலகுவதற்குள் நிலா மேற்கே ஏற்காட்டு மலைப் பக்கம் இறங்கிவிட்டது. போன் பண்ணினேன். மூடுபனி அக்கா, தெரியவில்லை என்றேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா. நாலு மணியிலருந்து."

"சரிங்க தம்பி."

மறுகேள்வி இல்லை. ஊருக்கு வந்ததும் அந்த நோட்டில் பத்தொன்பதுக்கு நேரே எழுதினார்: 'மூடுபனி. தெரியவில்லை. தம்பி பார்த்தது.' எழுதி மூடிவிட்டு மூன்றாவது நோட்டை எடுத்தார். பொய் சொன்னவன் வாயிலிருந்து வந்த வார்த்தைக்காக அந்தச் சுற்றையே விட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பங்குனியில் மூன்றாவது நோட்டு முழுதாக முடிந்தது. இருபத்தெட்டு நாளும். கடைசிக் கீற்றுக்கு அதே மொரப்பூர் வயல், அதே லோடு ஆட்டோ. இந்தத் தடவை "முடிஞ்சுது" என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கு வந்து, இருபத்தெட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி, புளியங்கொட்டை தெரிகிற படங்களை எல்லாம் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சொன்னார்.

அடுத்த வருஷம் அவருக்குத் தெற்கே மாற்றல் வந்தது. ஸ்டாண்டை எடுத்துப் போக முடியாது, மணல் கனம். "நீங்க செஞ்சது, ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். முடிந்த நோட்டைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். பச்சை நோட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு வரி காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். நான் அதைப் பரணில் போட்டேன். எட்டு வருஷம் ஆகிறது. அந்த எட்டு வருஷத்துக்குப் பிறகும் பாப்பா கேட்டபோது என் வாயில் அதே மேகம்தான் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் இருவரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, காயும் வரைக்கும் இருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு நம் மாடிக்குப் போய், துணிக்கொடி கட்டிய அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருபத்தாறாம் பக்கத்தைத் திறந்தேன். 'வானம் சுத்தம். மேகம் இல்லை. நான் தூங்கிவிட்டேன். பார்க்கவில்லை' என்று எழுதினேன். பசை காய்ந்த இடத்தில் மை பிடிக்கவில்லை, 'பார்க்கவில்லை' மட்டும் வெறும் கீறலாகத்தான் விழுந்தது. அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.